அஸருக்குள் ஓட வேண்டிய மெஷின்

அன்று மத்தியானம் எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் எங்கள் மகள். பக்கத்து ஊரான தளேகாவிலிருந்து காரில் வந்திருந்த என் மனைவியின் அண்ணன். பிறகு, பாத்திரம் கழுவும் மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக். அவரைத் தவிர நாங்கள் நான்கு பேரும் நோன்பு. அந்தச் சமையலறையில் ஐந்து பேர் நின்றால், ஒருவர் திரும்புவதற்கு மற்ற நான்கு பேரும் அனுமதி கொடுக்க வேண்டும்.

மச்சான் விருந்தாட வரவில்லை. தங்கையைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார். பெருநாள் வரைக்கும் அவள் தளேகாவில் இருக்க வேண்டும், அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் உண்டு, இவள் கையில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் படாது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பியிருக்கிறார். வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார்.

"சாயந்தரம் அஸர் தொழுதுட்டுக் கிளம்புறோம் புள்ள. நோன்பு தொறக்க நம்ம வீட்டுக்குப் போயிரலாம். துணிமணிய எடுத்து வை."

"மெஷின் கெட்டுப்போனா பொஞ்சாதியவா அனுப்புவாங்க? மெஷினக் கொண்டு போங்க காக்கா" என்றாள் என் மனைவி. அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"மெஷின் கையிலயா ரத்தம் வருது? உன் கையிலல்ல வருது."

அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவளுடைய கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களாகவே விரல் மடிப்புகளில் தோல் வெடிக்கும். சோப்பு பட்டால் வெடிப்பு ஆழமாகும். மாவு பிசைந்தால் உப்பு ஏறி எரியும். தோல் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தொழுகைக்கு முன் ஒளுச் செய்கிற தண்ணீர் பரவாயில்லை, துடைத்துவிட்டு மருந்து போட்டுக்கொள்ளலாம், பாத்திரம் தேய்ப்பது மட்டும் ஆகவே ஆகாது. போன குளிர்காலத்தில் ஒரு விரல் சீழ் பிடித்து வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து நான் நாலு நாள் களிம்பு பூசிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் மச்சான் வந்து அவளைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். விரல் பிழைத்தது. ஆனால் அந்த நாலு நாளை மச்சான் இன்னும் மறக்கவில்லை. மறக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு முகமில்லை.

அப்படிப்பட்ட ஆள்தான் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இங்கே பிம்ப்ரியில் பையும் பெட்டியும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜிப்பு மாற்றுவது, பெட்டிக்குச் சக்கரம் போடுவது எல்லாம் நானே. இரவு கடைப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மெட்ரோ படிக்கட்டு வரை போவேன். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன். பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் மணி சொல்வார்: இரண்டாவது தடவை இழுத்தாச்சா, அப்போ ஒன்பதே கால்.

விரல் ஆறியதும் அந்த மெஷினை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து அதற்கும் பயம். தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கினால்? ஒயர் சூடானால்? அதனால் ஒரு முக்காலியைப் போட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். தொடக்கம் முதல் கடைசி வரை, இரண்டு மணி நேரம். மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அந்த மெஷினின் பேச்சு எனக்குப் பழகிவிட்டது. தண்ணீர் ஏறுகிற சத்தம் வேறு. உள்ளே இறக்கை சுற்றித் தண்ணீர் தட்டில் அடிக்கிற சத்தம் வேறு. சோப்புப் பெட்டி திறக்கும்போது டப் என்று ஒன்று. அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும்போது மட்டும் தொண்டையைச் செருமுவது போலக் குர்ர்ரென்று தொடங்கி, கடைசியில் உறிஞ்சி முடிக்கும். ஆங்கிலப் புத்தகம் படிக்கத் தெரியாதவனுக்குக் காதுதான் புத்தகம்.

பராமரிப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் கட்டடத்துக்கு டேங்கர் தண்ணீர். கண்ணாடி டம்ளரில் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை படியும். அதற்கு மெஷினுக்குள் உப்புப் போட வேண்டும் என்றார்கள். முதல் வாரம் சமையல் உப்பை அள்ளிக்கொண்டு போனேன். மகள் கையைப் பிடித்துவிட்டாள். அதற்கென்று பரல் பரலாகத் தனி உப்பு உண்டாம். இறக்கையில் இருக்கிற துளைகளை ஊக்கால் குத்திச் சுத்தம் செய்வேன். ஜிப்பில் நூல் சிக்கினால் எடுக்கிற அதே ஊக்குதான். அடியில் இருக்கிற ஃபில்டரை ஒரு நாளைக்கு மூன்று தடவை கழற்றிக் கழுவுவேன். வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்று மகள் படித்துச் சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்று எழுதியவன் வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்களா என்று கேட்டேன்.

கஞ்சி என்றால் எங்கள் கட்டடத்தில் எங்கள் வீடுதான். இந்த ஊர்க்காரர்கள் பழமும் பக்கோடாவும் வைத்து நோன்பு திறப்பவர்கள். முதல் வருடம் நாங்கள் கொடுத்தனுப்பிய கஞ்சியைப் பார்த்து, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டார்கள். இப்போது நாலு மணிக்கே கஞ்சி கேட்டுக் கோப்பை வந்துவிடுகிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, தேங்காய்ப்பால் என்று குழையக் குழையக் காய்ச்சுவாள். பெரிய சட்டி, கரண்டி, வந்து குடிப்பவர்களோடு சேர்த்து இருபது கோப்பை. அத்தனையும் மெஷினுக்குள் போகும். நோன்பின் முதல் இரண்டு வாரமும் அவள் கை ஒரு நாள்கூட வெடிக்கவில்லை. துஆவுக்குக் கையேந்தும்போது உள்ளங்கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். நானும் பார்ப்பேன்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மெஷின் நின்றது. அடியில் கலங்கின தண்ணீர் குளம்போல நிற்கிறது, மேலே சிவப்பில் ஓர் எழுத்தும் எண்ணும் மினுக்குகிறது. தண்ணீர் வெளியே போகவில்லை என்று அர்த்தமாம், மகள் பார்த்துச் சொன்னாள். சர்வீஸுக்குப் பதிவு செய்தால் ஞாயிற்றுக்கிழமைதான் வருவோம் என்றார்கள். நான் கடையில் இருந்த நேரத்தில் இவள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு சட்டியைத் தேய்த்திருக்கிறாள். கையுறைக்குள் வேர்த்து, இரண்டே நாளில் பழைய வெடிப்பு அத்தனையும் திறந்துகொண்டது. மச்சானோடு வீடியோவில் பேசும்போது முந்தானையைச் சரிசெய்யக் கையைத் தூக்கியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் லுஹர் தொழுதபின், இரண்டரை மணி வாக்கில் மெக்கானிக் வந்தார். மராத்திக்காரர், முப்பது வயதிருக்கும். இந்தியில்தான் பேசினோம். வந்ததும் குனிந்து தண்ணீரைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார். மெஷின் ம்ம்ம் என்று முனகியது. குர்ர் வரவில்லை. சட்டையை மடித்துவிட்டுக் கலங்கல் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். எடுத்து உதறினார்.

"பம்பு போச்சு சாச்சா. மாத்தணும். மூவாயிரத்து எண்ணூறு."

"இப்பவே மாத்த முடியுமா?"

"ஸ்டாக் இல்ல. பத்து நாளாகும்."

பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மச்சான் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றிருந்தார். "கேட்டாச்சுல்ல மாப்ள? பத்து நாள். இப்பவும் களிம்பு தடவிக்கிட்டு இருக்கலாம்னு பாக்காதீக." பிறகு மகளைப் பார்த்து, "நீ போயி உம்மா துணிய எடுத்து வைம்மா" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். என் மனைவி யாரையும் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் மச்சான் சொல்வதற்குத் தலையாட்டிவிடுவேன். அன்று ஆட்டவில்லை. ஏனென்றால் அந்த ஆள் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். நினைப்பு இல்லை, தெரியும்.

"பம்பு போகல தம்பி" என்றேன்.

"என்ன சாச்சா?"

"செத்த பம்பு சத்தமே போடாது. இது சுத்தப் பாக்குது, முடியல. உள்ள ஏதோ சிக்கியிருக்கு. வெள்ளிக்கிழமை கழுவும்போது, தண்ணி வெளிய போற நேரத்துல டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு. அதுக்கப்புறந்தான் நின்னுச்சு."

"நான்தான் இப்ப கைய விட்டுப் பாத்தேனே. ஒண்ணும் இல்ல."

"பம்பு மூடிக்கு மேல பாத்தீங்க. மூடிக்குக் கீழ?"

மெக்கானிக் சிரித்தார். "மெக்கானிக் நீங்களா நானா சாச்சா? எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு." பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

மச்சானும் சிரித்தார். "குக்கர் விசிலுக்கே திடுக்குனு எந்திரிக்கிற ஆளு, மெஷினுக்கு வைத்தியம் பாக்கப் போறாராம்."

அப்போதுதான் என் மனைவி அசைந்தாள். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தாள். "பேட்டா, டீ குடிச்சுட்டுப் போ" என்று மெக்கானிக்கிடம் இந்தியில் சொன்னாள்.

"வேணாம் ஆண்ட்டி, நீங்கல்லாம் நோன்பு..."

"நோன்பு எங்களுக்குத்தானே. ஏலக்காய் போட்டிருக்கேன். ஒக்காரு."

நோன்பாளி கையால் போடுகிற டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எப்படிப் போவது? அவர் என் முக்காலியில் உட்கார்ந்தார். பால் கொதிக்க ஐந்து நிமிடம், குடிக்க ஐந்து நிமிடம். அவள் எனக்குப் பத்து நிமிடம் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

மெயின் சுவிட்சை அணைத்தேன். அணைத்தேனா என்று இரண்டாவது தடவை பார்க்கவும் செய்தேன். அதில் மட்டும் வெட்கப்பட மாட்டேன். சொம்பால் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினேன். கடைசித் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றிப் பிழிந்தேன். மூன்று நாள் கஞ்சித் தண்ணீர், வெறும் வயிற்றில் அந்த நாற்றத்தைத் தாங்குவதே பெரிய காரியம். ஃபில்டரைத் தூக்கி வெளியே வைத்தேன். அடியில் கிண்ணம் போன்ற குழி, அதன் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி.

மகள் பக்கத்தில் மண்டியிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுக்கும். "வாப்பா, இதுல படம் இருக்கு. அந்த டக்கன்... மூடி இருக்குல்ல, சின்னது... ஸ்பூன் வச்சு... என்ன சொல்றது... நெம்பு? நெம்பணும். அப்புறம் உள் பக்கம் சாச்சு இழுக்கணும்."

"கம்பெனிக்காரனே ஸ்பூனால எடுக்கச் சொல்லியிருக்கானா?"

"ஆமா வாப்பா. நம்மளே பண்ணலாம்னு போட்டிருக்கு."

ஸ்பூனின் காம்பைக் கொடுத்து நெம்பினேன். மூடி கையோடு வந்தது. கண்ணாடித் துண்டு ஏதும் இருந்தால் கிழிக்கும் என்று கையில் துணியைச் சுற்றிக்கொண்டு விரலை விட்டேன். உள்ளே காற்றாடி போல ஒன்று. சுற்றவில்லை. அதன் இதழ்களுக்கு நடுவில் கெட்டியாக, வழுவழுவென்று ஏதோ தட்டுப்பட்டது. ஊக்கை எடுத்தேன். பல் மாட்டிய ஜிப்பை எப்படி எடுப்போமோ அப்படித்தான்: இழுக்கக் கூடாது, முதலில் பின்னால் தள்ள வேண்டும், இடம் கொடுக்கும், அப்புறம் பக்கவாட்டில் புரட்ட வேண்டும்.

வந்தது. உள்ளங்கையில் வைத்துக் குழாயில் காட்டினேன். வெந்தயப் பசையெல்லாம் கரைந்தபின் நடுவில் கோடு விழுந்த, பழுப்பான ஒரு பேரீச்சங்கொட்டை.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டுக் கொட்டையை எங்கே வைப்போம்? கஞ்சிக் கோப்பையின் ஓரத்தில் வைப்போம். குடித்து முடித்த கோப்பையில் அது அடியில் கிடக்கும். இருபது கோப்பையில் ஏதோ ஒன்றைச் சரியாகத் தட்டாமல் உள்ளே வைத்திருக்கிறோம்.

காற்றாடியை விரலால் சுண்டினேன். லேசாகச் சுற்றியது.

மெக்கானிக் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்தார். அவரும் ஒரு தடவை சுண்டிப் பார்த்தார். "தப்புதான் சாச்சா" என்றார். மறைக்கவோ மழுப்பவோ இல்லை. "மூடியத் தொறந்திருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்." அது எனக்குப் பிடித்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஃபில்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கொட்டை ஃபில்டரத் தாண்டி வர முடியாதே. எப்படி வந்துச்சு?"

குழியில் வைத்துத் திருகிக் காட்டினார். பூட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் பூட்டாமல் வழுக்கியது. லேசாகத் தூக்கினால் கையோடு வந்தது. அடியில் இருக்கிற கொக்கி தேய்ந்து மழுங்கியிருந்தது. "இது புது மெஷின். அதுக்குள்ள எப்படித் தேஞ்சுச்சு? இத ஒரு நாளைக்கு எத்தன தடவ கழட்டுறீங்க?"

நான் சொல்வதற்குள் என் மனைவி சொன்னாள். "மூணு தடவ. பயம் அதிகமா இருந்தா நாலு."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை பெட்டி பார்த்திருக்கிறேன்! போட்டுப் போட்டு எடுத்த ஜிப்பில், பிடித்து இழுக்கிற ரன்னரின் வாய் அகண்டு, மூடினாற்போல இருக்கும், பின்னால் திறந்தபடி வரும். அடைப்பு வந்துவிடுமோ என்று பயந்து கழற்றிக் கழற்றி, அடைப்புக்கு வழியைத் திறந்துவிட்டதே நான்தான்.

"என் தப்பு" என்றேன் மச்சானைப் பார்த்து. "பம்பு மேலயும் தப்பில்ல, கஞ்சி மேலயும் தப்பில்ல. நான்தான் தேச்சுட்டேன்."

மச்சான் ஏதாவது குத்திப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்தக் கொட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "காது நல்ல காதுதான் மாப்ள உமக்கு" என்றார். அவ்வளவுதான்.

மெக்கானிக்கின் வண்டிப் பெட்டியில் புது ஃபில்டர் ஒன்று இருந்தது. எடுத்துவந்து மாட்டினார். திருகியதும் கடக்கென்று பூட்டியது. அந்தச் சத்தத்தை என் காதிடம் ஒப்படைத்துவிட்டேன். "வாரத்துக்கு ஒரு நாள் சாச்சா. கழட்டுனா இந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் திருகணும். மத்த நாள் தொடாதீங்க." என் மனைவி, "ஞாயித்துக்கிழம நானே எடுத்துக் குடுக்கேன், மத்த நாள் இவுக கைய நான் கட்டிப் போட்டுக்கிறேன்" என்றாள். அதைத் தமிழில் சொன்னதால் அவருக்குப் புரியவில்லை, மச்சானுக்குப் புரிந்தது.

கழுவாமல் கிடந்த சனிக்கிழமைக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டி உள்ளே அடுக்கினோம். முப்பத்தைந்து நிமிடக் கழுவலைப் போட்டேன். மணி மூன்றரை தாண்டியிருந்தது. யாரும் சமையலறையை விட்டுப் போகவில்லை. இன்னும் நாலு வீடு இருக்கிற மெக்கானிக்கும் போகவில்லை. தண்ணீர் ஏறியது. இறக்கை சுற்றியது. டப். மச்சான் என்னிடம் கண்ணாலேயே இது என்ன என்று கேட்டார், நான் சோப்புப் பெட்டி என்றேன். பிறகு ஒரு நொடி எல்லாம் அடங்கியது. அந்த ஒரு நொடியில் என் பயம் முழுக்கத் திரும்பி வந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் குர்ர்ரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் சிங்க் குழாயில் இறங்குகிற சத்தம் கேட்டது.

என் மனைவி கதவைத் திறந்து, ஆவி அடங்கும்வரை நின்று, ஒரு கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். வெடித்த விரலும் பளிச்சென்ற கோப்பையும். "கிளம்பணுமா காக்கா?" என்றாள்.

மச்சான் அந்தக் கோப்பையை வாங்கி மேடையில் கவிழ்த்து வைத்தார். மகளின் போனில் அஸர் பாங்கு ஒலித்தது.

மெக்கானிக் கணக்குச் சொன்னார். ஃபில்டர் ஆயிரத்து நூற்றைம்பது, வந்து பார்த்ததற்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு. வீட்டில் ரொக்கமாக ஆயிரம்தான் இருந்தது, கொடுத்தேன். மீதியைப் போனில் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுபடி அழுத்தினால் இரண்டு தடவை போய்விடுமோ என்று போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். மச்சான் தன் போனை எடுத்து, மெக்கானிக் நீட்டிய க்யூஆர் அட்டையின் மேல் காட்டினார். பணம் போய்விட்டது. தொழுதுவிட்டு, பெரிய தூக்குச்சட்டியில் கஞ்சியை வாங்கிக்கொண்டு, தனியாகவே காரை எடுத்தார்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. மெஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. அவள் கையில் வெடிப்பெல்லாம் மூடி, வலது கட்டைவிரல் ஓரத்தில் மட்டும் ஒன்று பாக்கி. நான் மச்சானுக்குப் பணத்தை மூன்று தடவை அனுப்பிவிட்டேன். மூன்று தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார். போனில் கேட்டால், "தங்கச்சி கை முழுசா ஆறட்டும் மாப்ள, அன்னைக்கு நேர்ல வந்து வாங்கிக்கிறேன்" என்கிறார். அந்த ஒரு வெடிப்பும் ஆறிவிடும், எனக்குச் சந்தேகமில்லை. அதுவரை மச்சானுக்கு நான் தர வேண்டிய பாக்கி எழுநூற்று நாற்பது ரூபாய்.